ஆ மாவின் தாலாட்டு, சீன இசைக்குழுவுக்கு

தாலாட்டை மேடைக்குக் கொண்டுபோகும்போது அதைப் பெரிதாக்கத்தான் கை முதலில் பரபரக்கும். நாலு வரிப் பாட்டு. எதிரே ஐம்பது வாத்தியக்காரர்கள். எல்லாருக்கும் ஏதாவது வாசிக்கக் கொடுக்க வேண்டுமே என்று தந்திகளை அடுக்கி, குழல்களைச் சேர்த்து, நடுவில் முரசையும் இறக்கினால் பாட்டு இருந்த இடம் தெரியாமல் போய்விடும்.

நான் சிங்கப்பூரில் ஒரு சமூக மன்றத்தின் சீன இசைக்குழுவில் செல்லோ வாசிக்கிறேன். சின்ன வயதில் கற்றது கர்நாடக வாய்ப்பாட்டும் வயலினும். அந்தக் குழுவுக்காக ஹொக்கியன் என்ற தென்சீன மொழித் தாலாட்டு ஒன்றை எடுத்து எட்டு நிமிட உருப்படியாக எழுதினேன். அந்த வேலையில் தெரிந்துகொண்டதை இங்கே எழுதி வைக்கிறேன். சீன வாத்தியங்களைப் பற்றித் தமிழில் படிக்கக் கிடைப்பது குறைவு. ஆனால் ச ரி க ம தெரிந்தவருக்கு அவை ரொம்பப் பக்கத்தில் இருக்கின்றன.

பாட்டு பக்கத்து வீட்டு ஆ மாவுடையது. ஆ மா என்றால் ஹொக்கியனில் பாட்டி. எங்கள் புளோக்கில் அதே மாடியில் இருந்தார். பேரப்பிள்ளைகளை வளர்த்தது அவர்தான். தூங்கு கண்ணே, ஒரு ராத்திரிக்கு ஓர் அங்குலம் வளர்வாய், ஒரு ராத்திரிக்கு ஓர் அடி வளர்வாய் என்று போகும் அந்த வரிகள் சீனாவின் தென் ஃபூஜியன் மக்களிடம் வழிவழியாக வருபவை. சிங்கப்பூர்ச் சீனர்களில் ஹொக்கியன்காரர்களே அதிகம். ஆனாலும் 1979-இல் மாண்டரின் பேசுவோம் இயக்கம் தொடங்கிய பிறகு வீட்டுக்குள் ஹொக்கியன் மெல்ல மெல்லச் சுருங்கியது. ஆ மா பேரப்பிள்ளைகளிடம் பேசியதே உடைந்த மாண்டரினில்தான். தாலாட்டை மட்டும் ஹொக்கியனிலேயே பாடினார். அதனால்தான் இந்தப் பாட்டை எழுத்தில் பிடித்துவைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

இங்கே ஒரு விஷயத்தைத் தொடக்கத்திலேயே கவனிக்க வேண்டும். இதே வரிகளை வைத்துத் தைவான் இசையமைப்பாளர் லூ சுவான்ஷெங் 1945-இல் இசையமைத்த தாலாட்டு மிகவும் புகழ்பெற்றது. அவர் 2008-இல்தான் காலமானார். சிங்கப்பூர்ச் சட்டப்படி படைத்தவர் இறந்து 70 ஆண்டு வரை காப்புரிமை உண்டு. இணையத்தில் தேடினால் முதலில் கைக்கு வருவது அவருடைய மெட்டாகவே இருக்கும். பழைய நாட்டுப்பாட்டு என்று நினைத்து அதை எடுத்தால் பிறகு சிக்கல். ஆ மா பாடியது வேறு மெட்டு. பாட்டுக்கும் பேச்சுக்கும் நடுவே நிற்கும் ஒரு சின்ன மெட்டு. நான் அவரிடமும் அவர் மகளிடமும் கேட்டுக்கொண்டு, கைப்பேசியில் பதிவு செய்து, அதை மட்டுமே வைத்து எழுதினேன். எந்த ஊர்த் தாலாட்டானாலும் இப்படி ஒரு மூலம் கையில் இருக்கட்டும். ஆளைப் பார்த்துப் பதிவு செய்தது என்றால் இன்னும் நல்லது. ஏனென்றால் பாட்டில் பாதி அவர் கையில் இருந்தது.

கை என்றால் தொட்டிலை ஆட்டும் கை. இந்தப் பக்கம் மலாய், சீன, தமிழ் வீடுகள் எல்லாவற்றிலும் ஒரே மாதிரித் தொட்டில்தான்: மேலே கொக்கி, அதில் ஒரு ஸ்பிரிங், ஸ்பிரிங்கில் சாரோங் துணி. நம் ஊர்த் தூளி பக்கவாட்டில் ஆடும். ஒரு கோடிக்குப் போய் நின்று திரும்பும். அதற்குப் பாடும்போது தானாகவே திஸ்ரம், அதாவது மூன்று எண்ணிக்கை, வந்துவிடும். ஸ்பிரிங் தொட்டில் மேலும் கீழும் துள்ளும். ஆ மா கயிற்றை ஒரு முறை இழுத்துவிட்டால் அது இரண்டு மூன்று முறை தானே குதித்துத் தணியும், பிறகு மறுபடி இழுப்பார். இழுக்கும் இடத்தில் வரி தொடங்கும். துள்ளல் தணியும் இடத்தில் மூச்சு. அதனால் தாளம் இரண்டு எண்ணிக்கையில்தான். ஆனால் ஒவ்வொரு வரியிலும் முதல் தட்டு மட்டும் அழுத்தம், அடுத்தவை தேய்ந்துகொண்டே போகும். வேகம் நிமிடத்துக்கு 60 தட்டுக்குக் கொஞ்சம் மேல். தாலாட்டு என்றதும் ஆறெட்டு (6/8) ஊஞ்சல் தாளத்தை எழுதிவிடுவது மேற்கத்திய வழக்கம். இந்தப் பாட்டுக்கு அது ஒட்டவே ஒட்டாது.

இந்தத் தேய்ந்துபோகும் துடிப்பை ருவான்களிடம் கொடுத்தேன். ருவான் என்பது வட்ட வயிறு கொண்ட, மீட்டி வாசிக்கும் தந்தி வாத்தியம். நடுத்தரமானது ஜோங்ருவான், பெரியது தாருவான். தாருவானின் நாலு தந்திகளும் செல்லோவின் சுருதியிலேயே இருக்கும். சீன இசைக்குழுவிலேயே மிகவும் கதகதப்பான ஒலி ருவானுடையது என்பேன். இழுக்கும் தட்டுக்குத் தாருவானில் திறந்த தந்தி ஒரு மீட்டு. அதற்குப் பிறகு வரும் குட்டித் துள்ளல்களுக்கு ஜோங்ருவான், ஒன்றைவிட ஒன்று மெலிவாக. முதல் இருபது வினாடிக்கு வேறு எதுவும் இல்லை.

அடுத்தது மெட்டை யார் வாசிப்பது. சீன இசைக்குழு என்றதும் எல்லாருக்கும் நினைவு வருவது அர்ஹூ. இரண்டே தந்தி, மலைப்பாம்புத் தோல் போர்த்திய சின்னப் பெட்டி, இரண்டு தந்திக்கும் நடுவில் சிக்கியிருக்கும் வில். தெருவிலும் தேநீர்க் கடையிலும் நாடகக் கொட்டகையிலும் இருந்த அந்த வாத்தியத்தைத் தனிக்கச்சேரிக்கு உயர்த்தியவர் லியூ தியான்ஹுவா (1895–1932). மெட்டை அதனிடம்தான் கொடுப்பார்கள் என்று குழுவில் எல்லாரும் எதிர்பார்த்தார்கள். கொடுக்கவில்லை. காரணம் எளிது. அர்ஹூவின் உள்தந்தி 2 கட்டை (மேற்கத்திய D) ச. வெளித்தந்தி அதன் ப. அந்தச் சவுக்குக் கீழே அதற்குக் குரல் கிடையாது. ஆ மாவின் மெட்டு 2 கட்டையில் மந்தர ஸ்தாயி (கீழ் ஸ்தாயி) ப, த, அப்புறம் ச, ரி. இவ்வளவுதான். பாதிப் பாட்டு அர்ஹூ தொடாத இடத்தில் இருக்கிறது. ஒரு ஸ்தாயி மேலே ஏற்றினால் வாசிக்கலாம். வாசித்தால் அழகாகவும் இருக்கும். ஆனால் பாடுவது எழுபது வயதுப் பாட்டி இல்லை, மேடையில் நிற்கும் ஓர் இளம்பாடகி என்று ஆகிவிடும்.

அதனால் ஜோங்ஹு. அர்ஹூவின் அக்கா மாதிரி, கொஞ்சம் பெரியது. ஐந்து சுரம் தாழ்வாக இருக்கும். குரல் தடித்தது, லேசாக மூக்கில் பேசும், வில் தொட்டதும் உடனே ஒலி எழாது. வழக்கமாக உள்ளே நின்று மற்றவர்களுக்கு உடம்பு கொடுக்கும் வாத்தியம். தனியாக யாரும் கேட்பதில்லை. ஆ மா பாடிய அதே கட்டையில், அதே ஸ்தாயியில், ஒரே ஒரு ஜோங்ஹுவுக்கு எழுதினேன். நாட்டுப்பாட்டை எடுத்து எழுதுகிற யாருக்கும் நான் சொல்வது இதுதான்: பாடியவரின் ஸ்தாயியை மாற்றாதீர்கள். மெட்டைவிட, ராகத்தைவிட, அந்த உயரம்தான் அந்த ஆளை நமக்குக் காட்டுகிறது. வாத்தியத்துக்காகப் பாட்டை நகர்த்தாமல் பாட்டுக்கு ஏற்ற வாத்தியத்தைத் தேடினால் எழுதுகிற வேலையும் பாதியாகக் குறைகிறது.

எங்கள் ஜோங்ஹு வாசிப்பவர் ஓய்வுபெற்ற ஒரு ஹொக்கியன் அங்கிள். ஒத்திகையில் நான் எழுதியதை ஒரு முறை வாசித்துவிட்டு வில்லைக் கீழே வைத்தார்.

"சுரம் சரி. ஆனா சறுக்கல் எல்லாம் தப்பான இடத்துல இருக்கு. நான் சொல்லிக் காட்றேன், நீ எழுதிக்கோ."

பாடவில்லை, வரிகளை ஹொக்கியனில் பேசிக் காட்டினார். ஹொக்கியன் தொனி மொழி. ஓர் அசை விழுந்தால் ஒரு பொருள், ஏறினால் வேறு. எந்த அசையில் குரல் விழுகிறதோ அங்கே மட்டும் விரல் சறுக்க வேண்டும். மற்ற இடங்களில் சறுக்கினால் ஊர்க்காரன் காதுக்கு வேறு சொல் கேட்கும். அவர் பேசியதை மூன்று நிறப் பேனாவில் பிரதியின் மேல் குறித்துக்கொண்டேன். அசைவை எங்கே வைக்கக் கூடாது என்பது நம் கமகத்திலும் உண்டு. ஆனால் அங்கே விதியைச் சொல்வது ராகம், இங்கே பேச்சு. "அங்கிள், நடுக்கம் வேண்டுமா?" என்று கேட்டேன். "கடைசி வரியில மட்டும். அப்பத்தான் பாடுறவளுக்கே தூக்கம் வரும்" என்றார்.

மெட்டு நிலைத்தது. அதைச் சுற்றி என்ன வைப்பது என்பதுதான் பெரிய கேள்வி. சீன இசைக்குழு என்று இன்று நாம் பார்க்கும் அமைப்பு 20-ஆம் நூற்றாண்டில் உருவானது. 1935-இல் நான்ஜிங் வானொலியில் ஒரு குழு, 1953-இல் பெய்ஜிங் வானொலியில் பெங் ஷியூவென் நடத்திய குழு என்று மேற்கத்திய இசைக்குழுவின் வரிசைகளைப் பார்த்துப் பழைய வாத்தியங்களை அடுக்கினார்கள். கீழ்க்குரலுக்குச் சரியான வில் வாத்தியம் இல்லாததால் செல்லோவும் டபுள் பாஸும் உள்ளே வந்தன. என் நாற்காலியும் அப்படி வந்ததுதான். வரிசை மேற்கத்தியது என்றாலும் ஒலி அப்படி இல்லை. வயலினும் வியோலாவும் ஒன்றில் ஒன்று கரையும். பிப்பா என்ற மீட்டும் வாத்தியமும் ஷெங் என்ற ஊதும் வாத்தியமும் கரையாது; அவை தனித்தனி ஆட்கள். மூன்று சுரம் ஒன்றாக ஒலிக்கும் கார்டுகளை (chord) இவர்களுக்குப் பங்குபோட்டுக் கொடுத்தால் ஒரு கார்டு கேட்காது, மூன்று பேர் மூன்று சுரம் வாசிப்பதுதான் கேட்கும்.

இதற்கு விடை ஹொக்கியன்காரர்களின் சொந்த இசையிலேயே இருக்கிறது. நான்யின் என்று பெயர். தென் ஃபூஜியனில் உள்ள ச்சுவான்ஜோ பக்கத்து இசை. 2009-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தது. சிங்கப்பூரில் 1941-இல் தொடங்கிய சியோங் லெங் இசைச் சங்கம் இன்றும் அதைக் காத்துவருகிறது. கேட்டுப் பாருங்கள். பிப்பாவைக் கிட்டார்போலப் படுக்கவைத்துப் பிடித்து மெட்டின் எலும்பை மட்டும் வாசிப்பார்கள், சான்ஷியன் என்ற மூன்று தந்தி வாத்தியம் அதோடு சேர்ந்து போகும். நெடுங்குழலும் இருதந்தி வில் வாத்தியமும் அதே மெட்டைச் சதை போட்டு, நெளித்து, நிரப்பி வாசிக்கும். எல்லாரும் ஒரே மெட்டு. ஆனால் யாரும் அச்சாக ஒரே மாதிரி இல்லை. கச்சேரியில் பாடகரின் நிரவலை வயலின் ஒரு நிழல் பின்தங்கித் தொடர்வதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது உடனே புரியும். அதை எடுத்துக்கொண்டேன். ஜோங்ஹு மெட்டை வாசிக்க, பிப்பா அதன் நிற்கும் சுரங்களை மட்டும் ஒற்றை மீட்டாகத் தொடும். இரண்டாம் சுற்றில் ஷியாவ் என்ற நெடுங்குழல் அதே மெட்டைக் கொஞ்சம் தாமதமாக, தன் மூச்சுக்கு ஏற்றபடி. மூன்றாம் சுற்றில் அர்ஹூக்கள் மேல் ஸ்தாயியில், மெல்லிய வில்லில். குழு நிறைந்து ஒலிக்கும் இடத்திலும் அடிப்படையில் ஒரே மெட்டுதான் இருக்கிறது. உச்சம் சத்தத்தில் வராமல் அடர்த்தியில் வருகிறது.

கீழே விரித்தது ஷெங். மூங்கில் குழாய்களைக் கொத்தாகச் சேர்த்த வாய் ஆர்கன். உள்ளே உலோக நாக்குகள். ஊதினாலும் ஒலிக்கும், மூச்சை இழுத்தாலும் ஒலிக்கும். அதனால் அறுபடாத சுருதி கிடைக்கிறது. ஷெங்கின் பழைய பழக்கம் ச–ப, ப–ச என்று ஐந்தாம், நாலாம் சுரச் சேர்க்கைகள். நான் அதோடு நிறுத்திக்கொண்டேன். இந்தப் பாட்டில் நி இல்லை. மேற்கத்திய முறையில் இசைவு கொடுத்தால் முதல் வரி முடிவதற்குள் நி வந்து எட்டிப்பார்க்கும். வந்த அந்தக் கணமே பாட்டு ஐரோப்பியக் குழந்தைப் பாட்டாக மாறிவிடுகிறது. இதைப் பியானோவில் ஒரு முறை வாசித்துப் பார்த்தாலே போதும், காது சொல்லிவிடும்.

அப்படியானால் எட்டு நிமிடத்துக்கு நிறம் எங்கிருந்து வரும்? கிரக பேதத்தில் இருந்து, அதாவது சுரங்களை அப்படியே வைத்து ஆதார சுரத்தை மட்டும் மாற்றுவதில் இருந்து. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

சீன இசையின் ஐந்து சுரம் ச ரி க ப த, நம் மோகனம். அந்த ஐந்தில் எதை ஆதாரமாக வைத்தாலும் ஒரு தனி முறை பிறக்கும் என்று அவர்களும் பெயர் வைத்திருக்கிறார்கள்: கோங், ஷாங், ஜுவே, ஜி, யூ. சவை ஆதாரமாக்கினால் கோங், மோகனம். ரியை வைத்தால் ஷாங், நமக்கு மத்யமாவதி. கவை வைத்தால் ஜுவே, ஹிந்தோளம். பவை வைத்தால் ஜி, சுத்த சாவேரி. தவை வைத்தால் யூ, சுத்த தன்யாசி. ஐந்துக்கு ஐந்து அப்படியே பொருந்துகிறது. எனவே மெட்டை ஒரு சுரம்கூட மாற்ற வேண்டியதில்லை. ஜோங்ஹு அதே நாலு வரியை வாசித்துக்கொண்டிருக்க, கீழே செல்லோவும் தாருவானும் சவிலிருந்து தவுக்கு இறங்கினால் போதும், வெளிச்சம் குறைந்துவிடும். அடுத்த சுற்றில் ரிக்கு ஏறினால் மத்யமாவதியின் அந்த அமைதி. ஹிந்தோளத்தை மட்டும் விட்டுவிட்டேன். அதில் பஞ்சமம் இல்லாததால் ஷெங்குக்கு நிற்க இடம் கிடைக்காது. மேடையில் இதைக் கேட்ட பலர், பாட்டை எத்தனை விதமாக மாற்றியிருக்கிறீர்கள் என்றார்கள். மாறியது அடியில் ஒரு சுரம்தான்.

ஆ மாவின் மெட்டில் இன்னொரு நல்ல விஷயம் ஒளிந்திருந்தது. ப த ச ரி தான் இருக்கிறது, க இல்லை. ஆக அது மோகனமும் ஆகலாம், க இருக்க வேண்டிய இடத்தில் ம வந்தால் சுத்த சாவேரியும் ஆகலாம். மெட்டுக்கு இரண்டும் சம்மதம். நடுப்பகுதியில் கவை மவாக மாற்றும் வேலையைக் குஜெங்குக்குக் கொடுத்தேன். குஜெங் என்பது படுக்கவைத்து மீட்டும் வாத்தியம். 21 கம்பி, 2 கட்டையில் மோகனத்துக்குச் சுருதி கூட்டியிருக்கும். ம அதில் கிடையாது. குதிரைக்கு இடப்பக்கம் க கம்பியை இடக்கையால் அழுத்தினால், வீணையில் தந்தியை இழுப்பதுபோல, சுரம் ஏறி ம வரும். அப்படி நாலு ஸ்தாயியில் நாலு க கம்பிகள். முதலில் ஒன்றை மட்டும், மெதுவாக, ஏறுவது காதுக்குத் தெரியும்படி அழுத்தச் சொன்னேன். அந்த ஒரு ஏற்றத்தில் பாட்டின் தரை 5 கட்டைக்கு நகர்ந்துவிடுகிறது. எழுதும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: அழுத்துகிற கை அதே நேரம் வேறு கம்பியை மீட்ட முடியாது. இந்த மாதிரி இடங்களில் ஒற்றைச் சுரமாக எழுதுங்கள்.

மற்ற வாத்தியங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிப்பாவில் நீண்ட சுரம் வேண்டுமென்றால் ஐந்து விரலையும் சுழற்றி வாசிப்பார்கள். கேட்க அற்புதம், தாலாட்டில் வேண்டாம். மீட்டியது தேயட்டும், தேய்வதும் இசைதான். யாங்சின் நம் சந்தூர் மாதிரி, மூங்கில் குச்சியால் தட்டுவது. ஒலி நீண்டு நின்று ஒன்றோடொன்று கலங்கும், எனவே கையால் அடக்க வேண்டிய இடத்தைப் பிரதியில் குறியுங்கள். டீஸி என்ற குறுக்குக் குழலில் ஒரு துளை மேல் மெல்லிய சவ்வு ஒட்டியிருக்கும். அந்த ரீங்காரம் திருவிழாவுக்கு நல்லது. தாலாட்டுக்கு அதே ஆட்களை ஷியாவ் எடுக்கச் சொல்லலாம். குழல் மாற்ற நாலைந்து அட்சரமாவது ஓய்வு கொடுங்கள்.

சுவோனாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். அது நாதஸ்வரத்தின் உறவுக்காரன்: இரட்டைச் சீவாளி, கூம்புக் குழல், கல்யாணத்துக்கும் சாவுக்கும் அதுதான். மெல்ல வாசிக்க அதற்கு மனம் வராது. தொழில்முறைக் குழுவில் என்றால் அந்த வரிசைக்கு ஓய்வு என்று எழுதிவிட்டுப் போகலாம். சமூக மன்றக் குழுவில் வேலை முடிந்து, குடும்பத்தை விட்டுவிட்டு வாரம் தவறாமல் வருகிறவர்களை எட்டு நிமிடம் சும்மா உட்காரவைப்பது நியாயமில்லை. சுவோனா வாசிப்பவர்கள் பெரும்பாலும் குவானும் வாசிப்பார்கள். அதுவும் சீவாளிதான், ஆனால் நேர்க்குழல், தாழ்ந்த குரல், அடக்கினால் அடங்கும். மூன்றாம் சுற்றில் செல்லோவோடு சேர்ந்து அடிச்சுரத்தைக் குவானுக்குக் கொடுத்தேன். நான் எதிர்பார்த்ததைவிட நல்ல நிறம் கிடைத்தது. அமெச்சூர் குழுவுக்கு எழுதும்போது ஆட்களை முதலில் எண்ணி, யார் இரண்டாவதாக என்ன வாசிப்பார் என்று கேட்டுவிட்டு எழுதுவது நல்லது.

பிரதி எடுப்பது தனி வேலை. நடத்துநருக்கு மேற்கத்திய ஐந்துகோட்டு முறை. வாத்தியக்காரர்களில் பலருக்கு ஜியான்பூ என்ற எண்முறை. 1 2 3 4 5 6 7 என்றால் ச ரி க ம ப த நி. மேல் ஸ்தாயிக்கு மேலே புள்ளி, கீழ் ஸ்தாயிக்குக் கீழே புள்ளி, வேகத்துக்குக் கோடு. நம் சுரக்குறிப்பு படித்தவர் பத்து நிமிடத்தில் வாசித்துவிடலாம். 1 எந்தக் கட்டை என்று தலையில் போட்டிருக்கும், நம் ச போலவே அது நகரும். கிரக பேதம் செய்கிற இடங்களில் 1-ஐ நகர்த்தாதீர்கள். அடிச்சுரம் தவுக்குப் போனாலும் மெட்டுக்காரர்களுக்கு 1 பழைய இடத்திலேயே இருக்கட்டும். விரல் பழக்கம் கெடாது. குஜெங் ம வாசிக்கும் இடத்திலும் புதிய கட்டை போடாமல் வெறும் 4 என்றே எழுதினேன். குழப்பமே வரவில்லை.

இந்த ஊர் ஈரக்காற்றும் குளிரூட்டியும் சேர்ந்து படுத்தும் பாடு எழுதித் தீராது. வெளியே இருந்து அரங்குக்குள் வந்ததும் அர்ஹூவின் தோல் இறுகும், நூற்றுக்கும் மேற்பட்ட யாங்சின் கம்பிகள் நகரும். ஷெங்குக்குச் சுருதியை அங்கேயே மாற்ற முடியாது. அதனால் எல்லாரும் ஷெங்கைக் கேட்டே கூட்டிக்கொள்வார்கள். நிசப்தத்தில் ஒற்றை ஜோங்ஹு தொடங்கும் உருப்படியைக் கச்சேரியின் முதல் உருப்படியாக வைக்க வேண்டாம் என்று நடத்துநரிடம் கேட்டுக்கொண்டேன். மூன்றாவதாக வைத்தார். அதற்குள் வாத்தியங்கள் நிலைத்துவிட்டன.

முடிவைப் பற்றி ஒத்திகையில் நிறையப் பேச்சு நடந்தது. ஆ மா பாட்டை முடிப்பதில்லை. குழந்தை தூங்கிவிட்டால் வரியின் நடுவிலேயே நிறுத்திவிடுவார். பதிவிலும் அப்படித்தான், ரியில் நிற்கிறது. சவுக்கு வந்து முடித்தால் கைதட்ட வசதி என்று சிலர் சொன்னார்கள். ரியிலேயே விட்டோம். நடத்துநர் கையை இறக்காமல் கொஞ்ச நேரம் நின்றால் அவையோருக்குப் புரிந்துவிடுகிறது.

பிரதியின் தலைப்பில் ஹொக்கியன் வாய்மொழிப் பாடல் என்று போட்டு, பாடிக்கொடுத்தவர் என்று ஆ மாவின் பெயரை அவர் குடும்பத்தார் சம்மதத்துடன் எழுதினேன். என் பெயர் அதற்குக் கீழே, இசைக்குழுவுக்கு அமைத்தவர் என்று. இசை உரிமைச் சங்கத்தில் பதியும்போதும் மரபுப் பாடலின் அமைப்பு என்றே பதிய வேண்டும், சொந்தப் படைப்பு என்று அல்ல.

ஒரு பள்ளிக் குழு இப்போது பிரதி கேட்டிருக்கிறது. அவர்களிடம் ஜோங்ஹு இல்லையாம். மெட்டை அர்ஹூவுக்கு மேலேற்றித் தர முடியுமா என்று கேட்டார்கள். அதற்குப் பதிலாக ஜோங்ருவானுக்கு, அதே கட்டையில், அதே ஸ்தாயியில் எழுதி அனுப்பப்போகிறேன். மீட்டும் வாத்தியத்தில் அங்கிளின் சறுக்கல்கள் பாதிதான் வரும். அவற்றைத் தந்தியைத் தள்ளி வாங்க வேண்டிய இடங்களை அவரோடு உட்கார்ந்து குறித்துக்கொண்டிருக்கிறேன்.